ஏழாம் நம்பர் பலகை

முடிச்சூர்
ஜூன் 14, சனி இரவு

அன்புள்ள சின்னு,

நீ நலமா? இங்கே எல்லோரும் நலம். பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் இப்படித்தான் தொடங்குவோம். நிஜமாகவே எழுத உட்காரும்போதும் வேறு வழி தெரியவில்லை.

உன் ஹாஸ்டலில் போன் கூடாது என்று நீ சொன்னபோது பாவமாக இருந்தது. இப்போது அதுவே வசதியாகிவிட்டது. எங்கள் வீட்டு போனை அப்பா எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார். அதனால் அவரும் அம்மாவும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அம்மா இருமினால்கூட கை நின்றுவிடுகிறது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மெட்டில்டா அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பு. கேட்டுவிட்டேன். "இந்தக் காலத்துல லெட்டரா? யாருடி பையன்?" என்றார். "இல்லக்கா, சின்மயி" என்றதும், "ச்சே, அவ்ளோதானா" என்று அவர் முகமே வாடிவிட்டது.

உங்கள் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. வாங்கியவர்கள் குடிவரவில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வேலைக்குப் போகிறார், வருகிறார். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு பேரும்தானே பழவேற்காடு வரை போய்த் தெருவுக்கென்று அந்தப் படகை வாங்கி மினி லாரியில் ஏற்றி வந்தார்கள்! உங்கள் அப்பா ஹால் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் பட்டி இழுத்து, பெயின்ட் அடித்து, வீடு பார்க்க வந்தவர்களிடம் இங்கே தண்ணீரே வராது என்றார். என் அப்பா அவர்களை வாசலிலேயே நிறுத்தி, தன் இடுப்பில் கை வைத்து, "இம்மாந் தண்ணி நின்ன வூடு சார் இது" என்றார். அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உனக்கும் இருக்கும். யார் பக்கம் நியாயம் என்று நான் எழுத மாட்டேன்.

நான் எழுத வந்தது படகைப் பற்றி.

எனக்குத் தூக்கம் வரவில்லை, சின்னு. உங்கள் சாமான் லாரி வந்த அன்று நாம் இரண்டு பேரும் கடைசியாக ஒரு தடவை என்று காலி மனை ஷெட்டில் நின்ற படகில் ஏறி ஆட்டினோமே, அது ஸ்டாண்டிலிருந்து சரிந்து கல்தூணில் மோதியதே, அந்தச் சத்தம் எப்படி யாருக்கும் கேட்காமல் போனது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு பலகை என்று பிரித்ததில் உங்கள் வீட்டுக்கு வந்த ஏழாம் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். உங்கள் வீட்டில் மிச்சம் இருந்த சுவர்ப் பட்டியை வாளியோடு கொண்டுவந்து நாம் அதை அடைத்தோம். மேலே நீல பெயின்ட் இழுத்தோம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம்.

அது சுவருக்குப் போடுகிற பட்டி. மரத்துக்கு ஆகுமா? யாரையும் கேட்கவும் முடியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன்
ஜீவிதா


நாமக்கல்
ஜூன் 29

ஜீவி,

உன் கடிதம் வந்தது. வார்டன் பிரித்துப் படிப்பதில்லை. உள்ளே பணம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார். உன் கவர் கனமாக இருந்ததால் இரண்டு தடவை தடவினார்.

இங்கே காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கிறார்கள். சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு கிடைத்தவள் அன்றைக்கு ராணி. என் ரூமில் எட்டு பேர். எல்லோரும் டாக்டர் ஆகப் போகிறார்கள். நோயாளியாக வர ஒருத்தியும் தயாராக இல்லை.

படகை விடு. பட்டி காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். சுவரே நிற்கிறது, பலகை நிற்காதா? பெயின்ட் நன்றாகத்தான் அடித்தோம். நீ சும்மா போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் யாருக்காவது சந்தேகம் வரும். அந்தப் பக்கமே போகாதே.

இன்னொன்று. யார் பக்கம் நியாயம் என்று எழுத மாட்டேன் என்று எழுதிவிட்டு, உன் அப்பா இடுப்பில் கை வைத்ததை எழுதியிருக்கிறாய். எங்கள் அப்பாவுக்கு அதற்கப்புறம் ஆறு மாதம் வீடு விற்கவில்லை. சிட்லபாக்கம் வாடகை வீட்டில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும். அதையும் தெரிந்துகொள்.

கோபம் இல்லை. சொல்லத் தோன்றியது.

சின்மயி

பி.கு.: மெட்டில்டா அக்காவுக்காக ஒரு கடிதத்தில் வேண்டுமானால் பையன் பேர் போட்டு எழுதட்டுமா?


முடிச்சூர்
ஆகஸ்ட் 17, ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் அப்பாவின் டீ ஆறிப்போவது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்.

நீ போகாதே என்றாய். போனேன். போன வாரம் இரண்டு நாள் சாயங்காலம் இடியோடு மழை. ஷெட்டின் தகரம் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, சாரல் நேராக உங்கள் பலகையில் அடித்திருக்கிறது. பெயின்ட் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். உள்ளே தண்ணீர். பக்கத்துப் பலகைகளில் ஒன்றுமே இல்லை.

அப்பா பார்ப்பதற்குள் சரிசெய்ய வேண்டுமே. மறுநாள் டியூஷனுக்குப் போகாமல் உப்புத்தாள் வாங்கிப்போய்த் தேய்த்தேன். நீலத்தின் கீழே போன வருஷத்து நீலம், அதன் கீழே அதற்கு முந்தின வருஷத்து நீலம். உங்கள் வீட்டு கேட் மூன்று தடவை நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கிறது, தெரியுமா? கேட்டுக்கு அடித்த எனாமலில் மிச்சம்தானே படகுக்கு வரும். விரிசல் இருந்த இடத்தில் பட்டி ஊறி சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டியது. துடைத்துவிட்டு, கொஞ்சம் பெயின்ட் தொட்டு மூடிவிட்டு வந்தேன். டர்பன்டைன் வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டு ஐந்து தடவை கழுவினேன். அம்மா முகர்ந்துவிட்டு, "இன்னாடி, கொலை பண்ணிட்டு வந்தா மாதிரி கழுவிகினு கீற" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு படகுக்குப் பெயின்ட் அடிக்கிற நாள். ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும். வழக்கம் போல பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பலகை. அடுத்த வீட்டுப் பலகையை யாரும் தொடக் கூடாது. ஏழாம் நம்பருக்கு யார் என்று நேற்றுப் பேச்சு வந்தது. துரைராஜ் அங்கிள் ரிடையர்மென்ட்டுக்குக் கொடுத்த சேரில் சாய்ந்துகொண்டு, "ஓடிப்போனவன் பலகைக்கு எவன் பெயின்ட் அடிப்பான்? வுடு, மொட்டையா நிக்கட்டும்" என்றார். அப்பா, "பலகை எங்கியும் ஓடலியே, துரை" என்றார். உடனே நான், "நான் அடிக்கிறேன்பா" என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது போல.

அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உன்
ஜீவிதா


நாமக்கல்
ஆகஸ்ட் 31

ஜீவி,

நல்ல வேலை செய்தாய். வேறு யார் கையாவது பட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீயே அடி. முதலில் அந்தப் பட்டியை நன்றாகக் காயவிடு. மேலே பிரைமர். அதன் மேல் இரண்டு கோட், முடிந்தால் மூன்று. தடியாக அடி. பெயின்ட் காசு வேண்டுமானால் சொல், அம்மாவிடம் நோட்டு வாங்க என்று கேட்டு வைக்கிறேன்.

நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் அப்பாவுக்கு அது எந்தப் பட்டி என்று பார்த்த உடனே தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் இழுத்த அதே பட்டி. "அப்பன் சுவத்த மறைச்சான், பொண்ணு படக மறைச்சா" என்று தெருவில் ஒருத்தர் சொன்னால் போதும், அது சிட்லபாக்கம் வரைக்கும் வந்துவிடும். எங்கள் அப்பா இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறார். பக்கத்து ஃபிளாட்காரரோடு வாக்கிங் போகிறாராம். அதைக் கெடுக்காதே.

சத்தியம் செய். கடிதத்தில் எழுதி அனுப்பு.

சின்மயி


முடிச்சூர்
செப்டம்பர் 28, ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னு,

இன்றைக்குப் பெயின்ட் அடித்தோம்.

நீ இருந்திருந்தால் உனக்குப் பிடித்திருக்கும். படகைக் கவிழ்த்துப் போட்டு, காலையிலிருந்தே சுரண்டினார்கள். நாலாம் நம்பரில் பச்சை மிச்சம் இல்லையாம், ஜன்னல் கம்பிக்கு அடித்த பிரவுனைக் கொண்டுவந்துவிட்டார்கள். "இன்னாயா இது, படகா ஜன்னலா?" என்று துரைராஜ் அங்கிள் ஒரே கலாட்டா. அவர் வீட்டு ஆரஞ்சைப் பார்த்து அம்மா, "நீங்க பேசாதீங்க, உங்க பலகைதான் ஊரு தாண்டியும் கண்ண குத்துது" என்றார். ஒரு வீடு விடாமல் கேசரி. அப்பா மட்டும் பெயின்ட்டைத் தொடாமல் ஒவ்வொரு பலகையிலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஈரம் இருந்தால் அவர் புறங்கைக்குத் தெரிந்துவிடும். "உள்ள ஈரம் இருக்கசொல்ல மேல மூடுனா, அது வெளிய வர வழி தேடிகினே இருக்கும்" என்று வருஷா வருஷம் சொல்வது போல இந்த வருஷமும் சொன்னார்.

உங்கள் பலகைக்கு வந்தபோது நான் முதல் கோட் அடித்து முடித்திருந்தேன். நீ சொன்னபடி தடியாக. கையை நீட்டினார். "அப்பா, ஈரப் பெயின்ட்டு" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். "பிரஷ்ஷு ஒரே வாட்டத்துல போயிருக்கு. கைத்தொழில் வருது உனக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் யாரையும் சுலபத்தில் பாராட்ட மாட்டார், உனக்குத் தெரியும். நான் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மத்தியானம் பச்சையம்மா அக்கா வந்தார். பன்னிரண்டாம் நம்பர், தெருக்கோடி வீடு. நீ போனதற்கு அப்புறம் அவருக்குக் கிட்னி ரொம்ப மோசமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். ஆட்டோ போகிற வரைக்கும் கவலை இல்லை. தண்ணீர் வந்தால்? அப்பா படகைத் தட்டிக் காட்டி, "ஒன்னும் ரோசன பண்ணாதக்கா. மொத நட உனக்குத்தான். மெயின் ரோடு வரிக்கும் கொண்டுபோய் வுட்டுட்டுதான் மத்தவங்களுக்கு" என்றார். அக்கா தன் பலகையில் பேருக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. நீந்துவதை விடு, அவரால் வேகமாக எழுந்திருக்கக்கூட முடியாது.

பட்டிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் என் விரலில் ஒட்டியதே. மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே இருப்பது அதுதான்.

சின்னு, நான் அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா? அவர் அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். உங்கள் அப்பாவோடு இன்றுவரை அப்படித்தானே இருக்கிறார். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. நீ கேட்ட சத்தியத்தை எழுத முடியவில்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. மழைக்கு முன்னால் எழுது.

உன்
ஜீவிதா


நாமக்கல்
அக்டோபர் 5

ஜீவிதா,

கூடாது.

அது உடைந்தது என் வீட்டுப் பலகை. அடைத்தது என் வீட்டுப் பட்டி. நீ சொன்னால் உனக்கு நாலு நாள் பேச்சு இருக்காது, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. பச்சையம்மா அக்காவுக்கு மழை வருவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகச் சொல்லலாமே, அதை யோசித்தாயா?

நீ சொல்வதாக இருந்தால் எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

சின்மயி


முடிச்சூர்
அக்டோபர் 12, ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னு,

சொல்லிவிட்டேன். எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். நடந்தது உனக்கு வேறு யார் மூலமாகவும் தெரியக் கூடாது.

வெள்ளி இரவு முழுக்க மழை. சனிக்கிழமை காலை அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, படகுல ஒரு பலகை வுட்டுகினுகீது" என்றேன். பயத்தில் எனக்கு அவர் பேச்சே வந்துவிட்டது.

"எது?"

"ஏழு."

"எப்போலேந்து?"

"ஏப்ரல்லேந்து."

டம்ளரைக் கீழே வைத்தார். ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு காலி மனைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். படகை நிமிர்த்தி உள்ளே தண்ணீர் விட்டார். அரைப் படகு நிரம்பியது. பலகைச் சந்துகளில் அங்கங்கே கசிந்தது. அது வழக்கம்தான், மரம் ஊறினால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. நான் ஒருவேளை, ஒருவேளை என்று நினைத்தேன். பிறகு உங்கள் பலகையில் நீலம் மெதுவாக உப்பியது. உப்பி, கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளையாகப் பால் மாதிரி ஒழுக ஆரம்பித்தது. அப்புறம் தண்ணீர். ஒரு விரல் கனத்துக்கு.

அப்பா அந்த வெள்ளையை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மீதி இருந்த பட்டியைக் கத்தியால் நெம்பி எடுத்தார். ஒரு பெரிய சில்லு அப்படியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யார் கூட இருந்தா?"

"யாரும் இல்லப்பா. நான்தான். ஏறி ஆட்டினேன், வுழுந்துட்டுது."

"தனியா?"

"தனியாதான்."

சில்லை என் கையில் கொடுத்தார். "பாரு. இந்தப் பக்கம் இழுத்தது சோத்துக்கை. அந்தப் பக்கம் பீச்சாங்கை. உனக்கு எத்தினி கை?" என்றார்.

நீ இடது கைக்காரி என்பதை நான் மறந்தே போனேன், சின்னு. சில்லை அவரிடமே திருப்பி நீட்டினேன். "செரி. மீதியும் வர்ற அன்னிக்கிப் பேசலாம்" என்றார். அதோடு முடிந்தது. நேற்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கிறார். நான் அங்கேயே நிற்கும்போது.

சாயங்காலம் தெருவையே கூப்பிட்டார். "என் பொண்ணு ஒடச்சிது. சொல்லாம மூடிட்டுது. நானும் ஈரப் பெயின்ட்டுன்னதும் கைய எடுத்துட்டேன், அது என் தப்பு. பலகை மாத்துற வரிக்கும் படக யாரும் எடுக்கக் கூடாது" என்றார். ஏழாம் நம்பர் என்றோ, பட்டி யார் வீட்டுப் பட்டி என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரைராஜ் அங்கிள் எதையோ ஆரம்பித்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பச்சையம்மா அக்காதான் என்னைக் கூப்பிட்டு, "ஏன்டி, நான் முழுகிட்டா டயாலிசிஸ் செலவு மிச்சம்னு பாத்தியா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கிற மாதிரிதான் வைத்தார்.

உன் பேரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ தீபாவளிக்கு வருவாய் அல்லவா? முடிந்தால் ஒரு தடவை வா. தெருமுனை வரைக்கும் வந்தால்கூடப் போதும்.

உன்
ஜீவிதா


முடிச்சூர்
நவம்பர் 2, ஞாயிறு இரவு

அன்புள்ள சின்னு,

தீபாவளிக்கு நீ வந்திருந்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. மெட்டில்டா அக்கா கடைக்கு நான் தினமும் போகிறேன். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டிவிடுகிறார். நேற்று, "பையனா இருந்தாக்கூட இவ்ளோ நாள் தாங்க மாட்டான்டி" என்றார்.

பலகை மாற்றியாகிவிட்டது. மண்ணிவாக்கத்திலிருந்து சம்பந்தம் ஆசாரி வந்து, பழைய பலகையை ஆணி பிடுங்கி எடுத்து, புதுசு போட்டார். அப்பா கூடவே இருந்தார். வேலை முடிந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பிரைமர் மட்டும் ஒரு கோட் அடிக்க முடிந்தது. அதனால் பதினோரு பலகையும் அதனதன் நிறத்தில் இருக்க, ஏழாவது மட்டும் பிரைமரின் இளஞ்சிவப்பில் இருக்கிறது. மேலே என்ன அடிப்பது என்று யாரும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை.

போன செவ்வாய் ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. புதன் காலை முழங்காலுக்கு மேல். பச்சையம்மா அக்காவுக்கு அன்றைக்குத்தான் டயாலிசிஸ். அப்பா மூங்கிலை ஊன்றித் தள்ள, அக்கா நடுவில் பிளாஸ்டிக் சேரில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தண்ணீர் இறைக்க மக்கோடு பின்னால். அப்பா என்னைக் கூப்பிடவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. தெருக்கோடியிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நான் அந்தப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. உங்கள் வீட்டைத் தாண்டும்போது பூட்டிய கேட்டுக்குள் தண்ணீர் அலை அடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு நிமிஷம் மூங்கிலை ஊன்றாமல் நின்றார். பிறகு தள்ளினார்.

அன்றைக்கும் மறுநாளும் சேர்த்து ஒன்பது நடை போனோம். அக்கா சாயங்காலம் திரும்பி வந்து இறங்கும்போது, "தசரதா, பொண்ணுகிட்ட பேசு. அது மூஞ்ச பாரு, எனக்கே பரவால்ல போல கீது" என்றார். அப்பா, "அது பேசட்டும்க்கா, நான் வேணான்னா சொன்னேன்?" என்றார்.

இன்றோடு இருபத்திரண்டு நாள்.

அவர் என்ன கேட்கிறார் என்று தெரியும். ஒரே ஒரு பேர். அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். சொல்ல மாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ பதில் போடாவிட்டாலும் அது அப்படியேதான். இதைக் குறையாக எழுதவில்லை. நீ நன்றாகப் படி. அங்கே குளிர ஆரம்பித்திருக்கும், காதில் ஏதாவது கட்டிக்கொள்.

உன்
ஜீவிதா


நாமக்கல்
நவம்பர் 10

ஜீவி,

தீபாவளிக்கு வந்தேன். மூன்று நாள் இருந்தேன். சிட்லபாக்கத்திலிருந்து முடிச்சூர் ஸ்கூட்டியில் எவ்வளவு நேரம்? அரை மணி. வரவில்லை.

நீ என் பேரைச் சொல்லவில்லை என்று படித்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். புதுத் துணி போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன். உன் அடுத்த கடிதம் வந்த பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டு நாள் என்று எழுதியிருந்தாயே. நாலு நாள் பேச்சு இருக்காது, அவ்வளவுதான் என்று நான் எழுதியது ஞாபகம் வந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேச ஐந்து நிமிஷம் போன் தருவார்கள். நேற்று அம்மாவிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே பேசுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏறியது, விழுந்தது, நம் வீட்டுப் பட்டி, எல்லாம். பின்னால் வரிசையில் நின்ற பெண், "அக்கா, சும்மா காதுல வெச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு எங்ககிட்ட குடுங்க" என்றாள். அப்போதுதான் அப்பா, "அந்த வாளியைத் திறந்து வெச்சுட்டு வந்தது நான்தானேம்மா" என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவர் முடிச்சூருக்கு வருவாரா, உன் அப்பாவோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. வருவார் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

இந்தக் கடிதத்தை மெட்டில்டா அக்கா கடைக்கு அனுப்பவில்லை. உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். கூட இன்னொரு தாள் இருக்கிறது. அது உன் அப்பாவுக்கு. நீ படிக்கலாம். படித்துவிட்டு, எனக்குச் சாதகமாக எதையும் திருத்தாமல் அப்படியே கொடு.

எழுத வேண்டாம் என்ற என் சொல்லுக்கு நீ கீழ்ப்படியாததற்கு நன்றி.

உன்
சின்னு


தசரதன் அங்கிளுக்கு,

வணக்கம். படகில் ஏறலாம் என்று சொன்னது நான். ஆட்டலாம் என்று சொன்னதும் நான். ஜீவிதா வேண்டாம் என்றாள். பட்டியைக் கொண்டுவந்தது நான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் எழுதிச் சத்தியம் கேட்டதும் நான்தான். அவள் என் பேச்சைக் கேட்காமல் உங்களிடம் வந்து சொன்னாள். என் பேரை மட்டும் எனக்காக விட்டுவிட்டாள்.

இதுதான் அந்த மீதி. வேறு எதுவும் இல்லை.

என் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பச்சையம்மா அக்காவிடம் நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஜனவரி லீவில்தான் முடியும்.

புதுப் பலகை இன்னும் பிரைமரோடு இருக்கிறது என்று ஜீவிதா எழுதியிருந்தாள். அதற்கு என்ன கலர் அடிக்கலாம் என்று அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அங்கிள்.

இப்படிக்கு,
ஏழாம் நம்பர் வீட்டில் இருந்த
சின்மயி